உப்புப் பார்க்காத குழம்பு

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது எனக்குத் தெரியும். வேவு பார்ப்பதாக என் வீட்டுக்காரர் சொல்வார். மாம்பழ மண்டியில் நாள் முழுக்கத் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதருக்கு அப்படித்தான் தோன்றும். வாசலில் உட்கார்ந்து அரிசி புடைக்கிறவள் மூக்கில் நாலு வீட்டுத் தாளிப்பு தானாக வந்து ஏறினால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அப்படி வந்து ஏறுவதில் பக்கத்து வீட்டு மாதம்மாளின் மீன்குழம்புக்குத் தனி இடம் உண்டு. ஞாயிறு தவறாமல் வரும். மற்றவர்கள் கிருஷ்ணகிரிச் சந்தையில் மீன் வாங்கினால் இலையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வருவோம். மாதம்மாள் இலையைத் திறந்து, இரண்டு கையிலும் ஏந்தி, வரிசைத் தட்டு கொண்டுவருகிறவள் மாதிரித் தெரு முழுக்க நடந்து வருவாள். யாராவது கவனிக்காமல் இருந்துவிட்டால் அவளே நின்று, கெண்டை நன்றாக இருக்கிறது பார் என்று காட்டிவிட்டுத்தான் நகர்வாள்.

அவள் காட்டுவது மீனை அல்ல என்று தெருவுக்கே தெரியும்.

அவளுக்கு ஒரே மகன், திம்மராயன். பரிசல்காரன். அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் வேலையாட்களைப் பெண்ணையாற்றுக்கு அந்தாண்டையும் இந்தாண்டையும் கொண்டுபோய் விடுவான். ஓர் ஐப்பசியில் மேற்கே பெய்த மழை செம்மண் நிறத்தில் இறங்கி வந்தது. ஆட்களைக் கரையில் இறக்கிவிட்டு வெறும் பரிசலோடு திரும்பியவன் நடு ஆற்றில் கவிழ்ந்தான். பரிசல் கிடைத்தது. துடுப்பு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு ஆளைக் கொடுத்த வீட்டில் மீன் சாப்பிடமாட்டார்கள். அந்தத் தண்ணீரில் மேய்ந்த மீன் எதையெல்லாம் தின்றிருக்குமோ என்கிற நினைப்புதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மீன் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். மாதம்மாள் நிறுத்தவில்லை. அதுவரை மாதத்துக்கு ஒருதரம் வாங்கியவள் வாராவாரம் வாங்க ஆரம்பித்தாள். என் பிள்ளை தண்ணீரில் இல்லை, நீந்திக் கரையேறிப் பெங்களூர்ப் பக்கம் ஏதோ பாக்டரியில் வேலைக்குப் போய்விட்டான், ஏதோ கோபம், தணிந்தால் வருவான் என்று அந்தக் கெண்டை மீன் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகும்.

மருமகள் சென்னம்மாளுக்குத் தினமும் காலையில் மாதம்மாளே தன் கையால் குங்குமம் வைப்பாள். தாலியும் பூவும் வளையலும் எதுவும் குறையவில்லை. கருமாதி என்ற பேச்சையே எடுக்கவிடமாட்டாள். சென்னம்மாளின் அண்ணன் தீர்த்தகிரி சாமல்பட்டியிலிருந்து வந்து, செய்ய வேண்டிய காரியத்தைச் செய்து முடித்தால் தங்கச்சியைக் கூட்டிப்போய் இன்னொரு வழி பார்க்கலாம், அவளுக்கு என்ன வயசாகிறது என்று தன்மையாகத்தான் கேட்டான். அவர்கள் ஜனத்தில் அதற்கு வழியும் உண்டு. மாதம்மாள் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினாள். உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்கிறாயா என்று அவள் கேட்டது என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது. நான் அடுப்படியில் இல்லை, சுவரோரமாக நின்றிருந்தேன் என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கிண்ணம் குழம்பு வரும். சமைப்பது சென்னம்மாள். கைப்பக்குவம் உள்ளவள். ஆனால் அந்தக் குழம்பு ஒரு வாரம் வாயில் வைக்க முடியாத உப்பாக இருக்கும், மறுவாரம் உப்பே இருக்காது. புளியும் அப்படித்தான். யோசித்துப் பார்த்தேன். சமைக்கிறவள் நாக்கில் விட்டுப் பார்ப்பதில்லை. மாமியாருக்காக மீனை ஆய்கிறாள், அலசுகிறாள், கொதிக்க வைக்கிறாள். தன் வாயில் ஒரு சொட்டு படவிடுவதில்லை. புருஷன் தண்ணீரோடு போய்விட்டான் என்பது அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நெற்றி மாமியாருடையது, நாக்கு அவளுடையது.

எதிர்வீட்டு ரோஷன் பீயிடம் இதைச் சொன்னேன். உங்களுக்கு எதற்கு அக்கா இந்த வேலை என்று கோபித்துக்கொண்டாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எத்தனை நாளாக இப்படி என்று குரலைத் தணித்துக் கேட்டாள்.

அந்த உப்பில்லாத குழம்பை மாதம்மாள் எப்படி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டாள் என்பதைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற நசீருதீன் ஒரு சேதி கொண்டுவந்தான். ரோஷன் பீக்குத் தம்பி முறை. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து பரிசல்காரர்கள் சிலர் பரிசலைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அதில் ஒருவன் ஏணியில் ஏறும்போது பின்னாலிருந்து பார்த்தால் அப்படியே திம்மராயனாம். இடது தோள் இறங்கியிருப்பதும், பிடரியில் முடி சுழித்திருப்பதும் அச்சு அதேபோல். நான் முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். கூட்டத்தில் டிக்கெட் போடுவேனா, முகத்தைப் பார்ப்பேனா என்றான். அணையில் நடக்கப்போகிற மீன் திருவிழாவுக்குப் பரிசல் போட்டிக்கு வருவார்கள் என்றும் சொன்னான்.

மீன் திருவிழா என்பது நாங்கள் வைத்த பெயர். மீன் இலாகா வைத்த பெயர் நீளமானது. அணை முடிந்த மறுவருஷம் ஆரம்பித்தார்கள். தண்ணீர்த்தொட்டியில் மீன் காட்டுவார்கள், வலை பின்னிக் காட்டுவார்கள், மோட்டார் படகில் ஒரு சுற்று ஏற்றுவார்கள். போன வருஷம் நாங்கள் போனோம். ரோஷன் பீயின் வீட்டுக்காரர் மெஹபூப் பாஷாவின் லாரி வழியில் நின்றுவிட்டதால் போட்டியெல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மாதம்மாள் வரவில்லை. அணைப் பக்கமே அவள் தலைவைத்துப் படுத்ததில்லை.

இந்த வருஷம் அவள்தான் முதலில் கிளம்பினாள். கரை போட்ட புது வேட்டி ஒன்று வாங்கி, மூலையில் மஞ்சள் தடவி, மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை என்ன கோலத்தில் இருப்பானோ, வீட்டுக்கு வரும்போது புதுசு கட்டிக்கொண்டு வரட்டும் என்றாள். அதைக் கேட்டுத் தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

லாரியின் பின்னால் வைக்கோல் பரப்பி உட்கார்ந்தோம். நானும் என் வீட்டுக்காரரும், ரோஷன் பீயும், மாமியாரும் மருமகளும். முன்னால் பாஷா ஓட்டினார். பக்கத்தில் நசீருதீன், சேதி சொன்ன குற்றத்துக்காக அடையாளம் காட்டக் கூட்டிவரப்பட்டிருந்தான். மாதம்மாள் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தபடியே வந்தாள். மண்பாதையில் லாரி தூக்கிப்போட்ட ஒவ்வொரு முறையும் மடியிலிருந்த வேட்டியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

நான் மெல்ல நகர்ந்து சென்னம்மாள் பக்கம் போனேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் நேராகக் கேட்டதில்லை. காதோடு கேட்டேன்.

"உனக்கு என்னாடி தோணுது?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தைக்கு எப்பத் தோணுதோ அப்பத்தான் சரசக்கா எனக்கும்."

நான் என் இடத்துக்கே நகர்ந்துவிட்டேன். மேலே கேட்காமல் நான் நகர்வது அபூர்வம்.

அணைக்கரையில் பந்தல் போட்டு, காகிதத் தோரணம் கட்டி, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். இலாகா ஆள் ஒருவர் ஜனங்கள் மீன் சாப்பிட வேண்டியதன் அவசியத்தைப் பற்றி அதில் பேசிக்கொண்டே இருந்தார். நிறுத்தினால் யாராவது வேறு ஏதாவது சாப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்தவர் மாதிரி. கண்ணாடித் தொட்டியில் வடக்கேயிருந்து கொண்டுவந்த ஏதோ மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. என் வீட்டுக்காரர் அதன் எதிரில் நின்று எடை எவ்வளவு வரும் என்று யோசித்தார். மோட்டார் படகுக்கு வரிசை நின்றது. போன வருஷம் அதில் ஏறி நான் போட்ட கூச்சலை இன்னும் ரோஷன் பீ சொல்லிச் சிரிப்பாள். இந்த வருஷம் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மாதம்மாள் எதையும் பார்க்கவில்லை. பந்தலைத் தாண்டி, கரைச் சரிவில் இறங்கி, பரிசல்கள் கவிழ்த்துப் போட்டிருந்த இடத்துக்கு நேராகப் போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

பரிசல்காரர்கள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்றிருந்தார்கள். முகம் தண்ணீரைப் பார்த்து, முதுகு எங்களைப் பார்த்து. போட்டிக்கு முன்னால் அவர்களுக்குள் ஒரு பூஜை உண்டு போலிருக்கிறது. இலாகாவின் நிகழ்ச்சிகளில் அது சேர்த்தி இல்லை. ஒலிபெருக்கி அதைச் சொல்லவும் இல்லை. நடுவில் நின்றவன் கையில் ஒரு முறம் நிறையப் பொரி. நசீருதீன் என் பக்கம் திரும்பி அவன்தான் என்று தலையை ஆட்டினான்.

இடது தோள் இறங்கியிருந்தது. பிடரியில் சுழி. நின்ற நிலைகூட, ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பை ஒடித்து, அப்படியே திம்மராயன். மாதம்மாள் சேலை நனைவதைப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கினாள். வேட்டியை மடியிலிருந்து எடுத்துவிட்டாள். இன்னும் நாலு எட்டு வைத்தால் அந்த முதுகைத் தொட்டுவிடலாம்.

அப்போது அவன் தண்ணீரைப் பார்த்துக் குரல் கொடுத்தான். கன்னடம் ஏறிய தமிழ்.

"மல்லய்யா. உன் வூட்டு ஆளு வந்திருக்குதா?"

கரையிலிருந்து ஒரு கிழவர், வந்திருக்கிறோம் என்றார். இறங்கிப் போய் முறத்திலிருந்து ஒரு கைப் பொரி அள்ளித் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பினார். அவன் அடுத்த பெயரைச் சொன்னான். ஒரு பெண் தன் பிள்ளையோடு வந்து பொரி விட்டாள். தண்ணீருக்குப் போன பரிசல்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பொரி கூட்டமாக மிதந்து மெல்லப் பிரிந்தது.

"கிருஷ்ணகிரித் திம்மராயா. உன் வூட்டு ஆளு வந்திருக்குதா?"

மாதம்மாளின் கால் நின்றுவிட்டது.

அவன் திரும்பவில்லை. மறுபடியும் அதையே கேட்டான். என் பக்கத்தில் நின்ற சென்னம்மாளின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பெற்றவள் இருக்கும்போது மருமகள் முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. சொன்னால் மாமியார் முன்னால் புருஷனைச் செத்தவன் என்று சொன்னதாகும். இத்தனை நாள் உப்புப் பார்க்காமல் வாயைக் கட்டியவள் இப்போதும் கட்டிக்கொண்டு நின்றாள். ரோஷன் பீ என் முழங்கையைப் பிடித்தாள், அழுத்தமாக.

வரிசையிலிருந்த வயதான பரிசல்காரர் ஒருவர், பக்கத்தில் நிற்பவனிடம் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

"போன வருசமும் இதே கதைதான். ஆளில்லாதவன். நீயே ஒரு கை போட்டுட்டு அடுத்தவனக் கூப்புடு."

அவன் முறத்தில் கையை வைத்தான்.

"யார்ரா ஆளில்லாதவன்?"

மாதம்மாளின் குரல். தெருவைக் கூட்டுகிற அந்தக் குரல் அல்ல. எனக்கே யாரோ என்று இருந்தது. வரிசை முழுக்கத் திரும்பியது. நடுவில் நின்றவனும் திரும்பினான். இளவயசு. அம்மைத் தழும்பு நிறைந்த முகம். யாரோ ஒரு பிள்ளை. பிறகு விசாரித்ததில் சம்பங்கி என்று பெயர் சொன்னார்கள்.

மாதம்மாள் அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். அவன் முறத்தை நீட்டியபடி நின்றான். மேலே ஒலிபெருக்கியில் போட்டியாளர்கள் தயாராகும்படி கூப்பிட்டார்கள்.

"வந்திருக்கறம்" என்றாள். "பெத்தவ வந்திருக்கறன். அவன் பொண்டாட்டியும் வந்திருக்குது."

கையைப் பின்னால் நீட்டினாள். சென்னம்மாள் இறங்கிப் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் ஒரே முறத்தில் கையை விட்டுப் பொரி அள்ளினார்கள். மாதம்மாளின் விரல் மூடவில்லை. பாதி அங்கேயே கொட்டிவிட்டது. சம்பங்கி மறுபடி முறத்தைச் சாய்த்துக் கொடுத்தான். போன வருஷம் தான்தான் திம்மராயனுக்குப் பொரி விட்டதாகவும், ஒருநாளும் பார்த்ததில்லை என்றாலும் பெயர் மறக்கவில்லை என்றும் அவன் சொன்னது எங்களுக்கு அரைகுறையாகக் கேட்டது. மாதம்மாள் அவன் தோளில் கையை வைத்தாள், அந்த இறங்கிய தோளில். எடுத்துவிட்டாள்.

பிறகு வேட்டியைப் பிரித்தாள். செத்தவர்களுக்குக் கோடித்துணி போடுவது பெற்றவள் செய்கிற காரியம் அல்ல. அவளுக்கு அது தெரியாமல் இருக்காது. போட வேறு யார் இருக்கிறார்கள்? தண்ணீரின் மேல் விரித்துவிட்டாள். புது வேட்டி கஞ்சி மொடமொடப்பில் உடனே முழுகாமல் பலகை மாதிரி மிதந்தது. மூலையில் தடவிய மஞ்சள் எங்கள் வரைக்கும் தெரிந்தது.

இலாகா ஆள் விசில் ஊதினார். பரிசல்காரர்கள் பரிசலைப் புரட்டி ஏறினார்கள். போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், சம்பங்கி கடைசியாக வந்தான். அவன் போகிற வழியில் அந்த வேட்டி மிதந்தது. மற்றவர்கள் வழி அப்படி இல்லை. அவன் அதன்மேல் துடுப்புப் படாமல் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு போனான். அஞ்செட்டிக்காரருக்கு நேராகப் போகத் தெரியவில்லை என்று ஒலிபெருக்கியில் வேடிக்கை செய்தார்கள். கரையில் எல்லாரும் சிரித்தார்கள். வேட்டி எந்த நேரத்தில் முழுகியது என்பதை நான் பார்க்கத் தவறிவிட்டேன். சென்னம்மாள் பார்த்திருப்பாள்.

திரும்பி வரும் வழியில் பந்தலுக்குப் பக்கத்தில் பெரிய இரும்புச் சட்டியில் மீன் வறுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அணையில் பிடித்தது. என் வீட்டுக்காரர் வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் ஒரு வாய் வைத்தும்விட்டேன். அதற்குள் வறுக்கிறவன் மாதம்மாளைப் பார்த்து, ஈரச் சேலையோடு வருகிற வயசானவள் என்று இரக்கப்பட்டு, பெரிய துண்டாகப் பார்த்து இலையில் வைத்து நீட்டினான். சூடாகச் சாப்பிடுங்கள், முள் இல்லாத இடம் என்றான்.

என் வாயிலிருந்தது அப்படியே நின்றது. ரோஷன் பீயும் பாஷாவும் நசீருதீனும் நின்றார்கள். சென்னம்மாள் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

மாதம்மாள் அந்த இலையைப் பார்த்தாள். வாராவாரம் இரண்டு கையிலும் ஏந்தித் தெருவெல்லாம் காட்டியவள்.

"எங்க வூட்ல மீன் திங்கறதில்லீங்க" என்றாள்.

அவன் விடவில்லை. இலவசம்தான் என்று சென்னம்மாளிடம் நீட்டினான். அவளும் தலையை ஆட்டினாள். ஆட்டியபடியே அழ ஆரம்பித்தாள். திம்மராயன் போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. நான் பார்க்காமல் அழுதிருக்க எங்கள் தெருவில் இடமும் இல்லை. மாதம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் குங்குமம் இருந்த இடத்தில் மட்டும் முந்தானை படவில்லை. அதைத் தொடாமல் சுற்றித் துடைத்தாள். அதற்கென்று ஒரு நாள் இருக்கிறது.

வீடு வந்ததும் மாதம்மாள் பாஷாவிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். சாமல்பட்டிப் பக்கம் லோடு போனால் தீர்த்தகிரியை வரச்சொல்ல வேண்டும், வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகும்படி வரச்சொல்ல வேண்டும் என்று.

நாள் பார்த்துக் காரியம் நடந்தது. உடல் கிடைக்காததால் புல்லால் உருவம் செய்து, திம்மராயன் என்று பேர் சொல்லிச் செய்தார்கள். தெரு முழுக்கப் போனோம். சென்னம்மாள் அண்ணனோடு போவாளா, இங்கேயே இருப்பாளா என்று தெரு இப்போது இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருக்கிறது. நான் இரண்டு பக்கத்திலும் பேசுகிறேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதம்மாள் சந்தைக்குப் போகவில்லை. இந்த வாரம் கிண்ணம் வராது என்றுதான் இருந்தேன். மத்தியானம் சென்னம்மாள் வந்தாள். வெறும் நெற்றியோடு அவளைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவள் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.